டி. வி. சுந்தரம் ஐயங்கார்

பெரியோர் சரித்திரம் எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரசரையும் புலவரையும் துறவியரையுமே நாடுகின்றனர். பஸ்ஸும் லாரியும் நடத்திய ஒருவரைப் பற்றி இத்தமிழ்ப் பகுதியில் நாம் எழுதத் துணிந்தமை சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். எம் சிதறாலிலிருந்து ஒரு பலாப்பழமோ ஒரு கட்டு ரப்பர் ஷீட்டோ வெளியூர் செல்ல வேண்டுமெனின் அது மார்த்தாண்டம் வரை ஏழு கிலோமீட்டர் வண்டியிற் சென்று, அங்கிருந்து மீண்டும் வண்டியிலேயே செல்ல வேண்டியதாக நெடுங்காலம் இருந்தது. நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இரயில் வந்தது 1979-ஆம் ஆண்டில்தான். ஆதலின் சாலையாலேயே வாழ்ந்த நாட்டார் நாம். சாலைத் தொழிலுக்கு ஒழுங்கு கற்பித்தவரை நினைப்பது நமக்குப் புறம்பானதன்று.

இதனை எழுதத் தூண்டிய வேறொரு காரணமும் உண்டு. இப்பொழுது பிரிட்டனிலும் ஐரோப்பிய நாடுகளிலும் கூலிக்குச் சரக்கேற்றும் லாரிகளை நடத்துவோர், அதற்கெனப் பரீட்சை எழுதித் தேறிய போக்குவரத்து மேலாளர் ஒருவரை வைத்திருத்தல் வேண்டும் என்பது சட்டம். கடல் கடந்து லாரித் தொழிலில் அமர்வோர் அப்பரீட்சைக்கு உழைத்துப் படிக்கின்றனர். அதன் பாடங்களை நோக்கின் ஒரு சிறு பல்கலைக்கழகமே அதனுள் அடங்கும் எனத் தோன்றுகிறது. நாலரை மணி நேரம் வண்டி ஓட்டிய டிரைவர் முக்கால் மணி நேரம் இளைப்பாறியாக வேண்டும் என்னும் விதி முதலாக, ஒவ்வோர் அச்சின்மேலும் எத்துணைப் பாரம் ஏறலாம், வண்டியை எத்தனை நாட்களுக்கொருமுறை பரிசோதிக்க வேண்டும், டயரும் எண்ணெயும் சம்பளமும் தேய்மானமும் சேர்ந்து ஒரு கிலோமீட்டருக்கு என்ன அடக்கமாகும், சரக்குக் கெட்டால் யார் பொறுப்பு என்பன ஈறாக யாவும் அதில் வரும். நம் நாட்டில் டிரைவருக்கு லைசென்சும் வண்டிக்குப் பெர்மிட்டும் தகுதிச் சான்றும் வேண்டும். ஆனால் லாரிகளை நடத்துவோர் இத்தகைய பரீட்சை எழுத வேண்டுமென்று பொதுவாக வற்புறுத்துவதில்லை. அப்பரீட்சையும் அதற்கான புத்தகமும் ஆசிரியரும் இல்லாத காலத்தில் அப்பாடங்கள் அனைத்தையும் தம் கைப்பொருளைப் பணயம் வைத்துக் கற்றவர் திருக்குறுங்குடி சுந்தரம் ஐயங்கார்.

திருக்குறுங்குடி திருநெல்வேலிச் சீமையில், மகேந்திரகிரி மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில், களக்காட்டுக்கு அண்மையில் உள்ளது. நம்பி கோயிலாற் புகழ்பெற்ற திவ்வியதேசம். மலைக்கு இப்பால் நாஞ்சில் நாடு, அப்பால் அவ்வூர். அங்கு 1877-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 22-ஆம் நாள் சுந்தரம் ஐயங்கார் பிறந்தார். அந்த ஆண்டைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணம் முழுதும் மக்களைச் சூறையாடிக்கொண்டிருந்த ஆண்டு அது. கப்பல்களில் வந்த தானியம் துறைமுகத்திற் குவிந்து கிடந்தது. இரயில் சென்ற ஊர்களுக்கு ஓரளவு சென்றது. அப்பால் உள்ள கிராமங்களுக்குக் கொண்டு செல்ல வண்டி மாடுகள் இல்லை. தீவனமின்றி மாடுகளும் மாண்டொழிந்தன. மதுரை வழியாகத் தூத்துக்குடி வரை இருப்புப்பாதை போட்டு முடிந்து ஓராண்டுக்கு மேலாகியும், பாதையினின்று இருபது கல் தள்ளியிருந்த ஊரார்க்கு அதனால் விளைந்த பயன் சிறிதே. மழை பொய்த்தது பாதிக் கேடு. சரக்கு வந்து சேராமை மற்றப் பாதி. குழந்தையாகிய அவருக்கு அஃது எங்ஙனம் நினைவிருக்கும்? எனினும் இரயில் நிலையத்துக்கும் கிராமத்துக்கும் இடையே கிடந்த அவ்வெற்றிடத்தை நிரப்புவதே பிற்காலத்தில் அவருடைய தொழிலாயிற்று.

தந்தையார் விருப்பப்படி வக்கீல் தொழிலைத் தொடங்கினார். பின்னர் இரயில்வேயில் உத்தியோகம். அதன்பின் பாங்கி ஒன்றில் வேலை. மூன்றும் அக்காலத்தில் கௌரவமானவை, மூன்றையும் விட்டார். மாதச் சம்பளத்தை உதறிவிட்டு முப்பத்து நான்காம் வயதில் குடும்பத்தோடு வியாபாரத்தில் இறங்கும் பிராமண உத்தியோகஸ்தரை உறவினர் எவ்வாறு நோக்கியிருப்பர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! ஆயினும் விட்டவை வீண்போகவில்லை என்பது நம் கருத்து. சட்டம் கற்றவர்க்கு ஒப்பந்தம் தெரியும். இரயில்வேயில் இருந்தவர்க்கு அட்டவணையின் அருமை தெரியும். பாங்கியில் அமர்ந்தவர்க்குக் கடனும் வட்டியும் தெரியும். மேற்சொன்ன பரீட்சையின் முக்கால் பங்கும் அவையே அல்லவா?

1911-ஆம் ஆண்டில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் அன் சன்ஸ் என்னும் ஸ்தாபனத்தை நிறுவினார். 1912-இல் மதுரையில் மோட்டார் பஸ் ஓடத் தொடங்கியது. அக்காலத்துச் சாலைகளை இன்றைய மாணவர் மனக்கண்ணாற் காண்பது எளிதன்று. தார் இல்லை, கப்பிக்கல்லும் செம்மண்ணுமே. மாட்டு வண்டிகளின் இரும்புப் பட்டை அறுத்த பள்ளங்கள் இருபுறமும். மாடுகளின் லாடத்திலிருந்து கழன்ற ஆணிகள் எங்கும் சிதறிக் கிடக்கும். டயர் ஒன்று பழுதானால் மாற்று டயர் சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும். சாலையில் கிடந்த ஆணிகளைத் திரட்டுதற்குக் காந்தம் பூட்டிய வண்டி ஒன்றை அவர் ஓட்டுவித்தார் என்று சொல்லக் கேட்கிறோம். நகைப்புக்கிடமாகத் தோன்றினும் கணக்கறிந்தவர் நகையார். ஆணிக்கு விலையில்லை, டயருக்கு விலையுண்டு, வழியில் நின்றுபோன பஸ்ஸில் இருந்த பிரயாணியின் நம்பிக்கைக்கோ விலை மதிக்க முடியாது.

அவருடைய பெருஞ்சாதனை முதன்முதலில் பஸ் விட்டதன்று. முதலில் விட்டவர் யார் என்னும் வழக்கு எல்லா ஊரிலும் உண்டு. அதில் நாம் புகப்போவதில்லை. ஆள் நிரம்பினாற் புறப்படுவது, நிரம்பாவிடின் நிற்பது என்பதே வாடகை வண்டியின் வழக்கம். அதை மாற்றி, ஆள் இருப்பினும் இல்லாவிடினும் குறித்த நேரத்தில் வண்டி புறப்படும் என்பதை அவர் நிலைநாட்டினார். டி. வி. எஸ். பஸ் போவதைக் கண்டு கடிகாரத்தைத் திருத்திக்கொண்டதாக மதுரைப் பக்கத்து முதியோர் கூறுவதுண்டு. வெறுமையாகப் புறப்படும் பஸ்ஸால் அன்றைக்கு நஷ்டமே. ஆனால் வண்டி வந்தே தீரும் என்று தெரிந்தவுடன் ஆசிரியர் அதை நம்பிப் பள்ளிக்குச் செல்வார், நோயாளி ஆஸ்பத்திரிக்குச் செல்வார், வாழைத்தார்க்காரர் சந்தைக்குப் புறப்படுவார். நாளடைவில் வண்டி நிறையும். இதனைக் காத்திருந்து பெறும் பொறுமையும் முதலும் எல்லாரிடத்தும் இரா.

குறித்த நேரத்தில் ஓட வேண்டுமெனின் வண்டி பழுதடையலாகாது. பழுதடையாதிருக்கப் பட்டறை வேண்டும். பட்டறைக்கு உதிரிப்பாகங்கள் வேண்டும். உதிரிப்பாகம் கிடைக்க அதை விற்கும் கடையும் தம்முடையதாக இருத்தல் நன்று. இவ்வாறு ஒன்றிலிருந்து ஒன்றாகவே அவர் தொழில்கள் கிளைத்தன. பஸ்களும் லாரிகளும் சதர்ன் ரோடுவேஸ் என்னும் பெயரில் ஓடின. மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் என்பன பின்னர்த் தோன்றின. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் வண்டிகளை விற்போருள் சுந்தரம் மோட்டார்ஸ் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் முதன்மை பெற்று விளங்கியது.

லாரித் தொழில் பஸ்ஸினும் கடினமானது. பிரயாணி தானே ஏறித் தானே இறங்குவான், மூட்டைக்குக் காலில்லை. ஏற்றுகூலி, இறக்குகூலி, மழையில் நனையாதிருக்கத் தார்ப்பாய், வழியிற் களவு, சேருமிடத்திற் குறைவு என ஒவ்வொன்றுக்கும் விடை வேண்டும். எல்லாவற்றிலும் கொடியது வெறும் வண்டியாய்த் திரும்புவது. போகும்போது ஏற்றிய சரக்கின் லாபத்தைத் திரும்பும்போது காற்றை ஏற்றி வந்து தொலைக்கும் லாரிக்காரர் இன்றும் பலர் உளர். பல ஊர்களில் கிளையும் குறித்த நாளில் ஓட்டமும் உள்ளவர்க்கே இருவழியும் சரக்குக் கிடைக்கும். மூட்டையும் பார்சலும் குறித்த நாளிற் சேரும் என்ற நம்பிக்கை அவருக்குப் பஸ் ஈட்டித் தந்த பெயரால் எளிதில் வந்தது.

அரசாங்கமும் அந்நாளில் இத்தொழிலுக்கு வரம்பு கட்டத் தொடங்கியது. 1914-இல் ஒரு மோட்டார் வண்டிச் சட்டமும், 1939-இல் அதனினும் விரிந்த ஒன்றும் வந்தன. டிரைவர் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டலாகாது, அதன்பின் அரை மணியேனும் ஓய்வு வேண்டும் என்பது 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடு. 1961-இல் வந்த தொழிலாளர் சட்டம் நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என வகுத்தது. நம் திருவிதாங்கூரில் நிகழ்ந்ததோ வேறு. அங்கு 1938 பிப்ரவரி 20-ஆம் நாள் சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில் அரசாங்கமே பஸ் நடத்தப் புகுந்தது. இலண்டன் மாநகரப் போக்குவரத்தில் பயின்ற சால்ட்டர் என்பாரை வருவித்துப் பொறுப்பை ஒப்படைத்தனர். மலைக்கு அப்பால் ஒரு தனி மனிதர் பட்டு அறிந்ததை மலைக்கு இப்பால் சமஸ்தானம் சம்பளம் கொடுத்து வாங்கியது எனலாம். எது சிறந்தது என்று வாதிட இடம் போதாது.

சுந்தரம் ஐயங்காரின் மெய்யான பரீட்சை யுத்த காலத்தில் வந்தது. 1942-இல் மலேயாவும் பர்மாவும் ஜப்பானியர் வசமாயின. ரப்பரும் எண்ணெயும் அருகின. சென்னை மாகாணத்தில் பெட்ரோலுக்குப் பெருந்தட்டுப்பாடு. பஸ்கள் ஓடாமல் நின்றுவிட்டால் தொழிலாளர் குடும்பங்கள் என்னாகும்? அப்பொழுது அவர் கரிவாயு உண்டாக்கும் கருவியை அமைத்து வெளியிட்டார், அஃது டி. வி. எஸ். காஸ் பிளாண்ட் எனப்பட்டது. இத்தகைய கருவி இயங்கும் விதம் எளிதே. இரும்பு உருளை ஒன்றில் மரக்கரியை இட்டு, காற்றை அளவாக மட்டும் விட்டு எரித்தால் கரி முழுதும் எரியாது எரிவாயுவாகிறது. அதனைக் குளிரச்செய்து, சாம்பலும் தூசும் போக வடிகட்டி, எஞ்சினுக்குள் செலுத்த வேண்டும். பெட்ரோலைப் போன்ற வலிமை இராது. மேடேறும்போது வண்டி முனகும். காலையில் அடுப்பு மூட்டி வெகுநேரம் ஊதிய பின்னரே புறப்படலாம். அவ்வாயு நஞ்சாகையால் மூடிய கொட்டகையில் மூட்டுவோர் உயிருக்கு அபாயமும் உண்டு. ஆயினும் வண்டி ஓடியது. சந்தைக்குக் காய்கறி வந்தது.

தேய்ந்த டயர்களைச் சுரண்டிப் புது ரப்பர் ஒட்டி வேகவைத்து மீண்டும் ஓட்டும் தொழிற்சாலையையும் அவர் நிறுவினார். அந்நாளில் இந்திய ரப்பரின் பெரும்பகுதி திருவிதாங்கூர், கொச்சி, மலையாளப் பகுதித் தோட்டங்களில் வெட்டப்பட்டதே. இன்றும் சிதறால் சமணக் குன்றின்மேல் ஏறி, தீர்த்தங்கரர் சிற்பங்களின் முன்னிருந்து நோக்குவார்க்குச் சுற்றிலும் தென்னைக்கும் ரப்பருக்கும் இடையே குழித்துறை ஆறு தெரியும். அம்மரத்தின் பால் எங்கெங்கோ ஓடும் சக்கரமாகிறது என்பதை அதன் கீழ் வளர்ந்தும் நாம் எண்ணுவதில்லை.

அவருடைய இல்லற வாழ்விலும் ஒரு கடும் சோதனை நேர்ந்தது. மகள் சௌந்தரம் 1904-இல் பிறந்தவர். அக்கால வழக்கப்படி பாலியத்தில் மணம் முடிக்கப்பெற்றார். மருத்துவராகிய கணவர், பிளேக் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தபோது அந்நோயே பற்றி 1925-இல் காலமானார். கைம்பெண்ணை அடுக்களையிற் பூட்டுவதே ஆசாரமாயிருந்த குடும்பங்கள் மலிந்த காலம். மகளை மேலே படிக்க விடுத்தார் சுந்தரம் ஐயங்கார். அவ்வம்மையார் டில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1936-இல் தேறினார். அங்குச் சுசீலா நய்யாரின் நட்பும் அவர் வழியாகக் காந்தியடிகளின் தொடர்பும் கிடைத்தன. பின்பு நம் குழித்துறைச் சாலையிலேயே வடமேற்கே உள்ள நெய்யாற்றின்கரையைச் சார்ந்த ஜி. இராமச்சந்திரனை மணக்க விரும்பினார். சாதி வேறு, கைம்பெண் மறுமணம் வேறு. பெற்றோர் இசையவில்லை. ஓராண்டு பிரிந்திருந்து பார்க்குமாறு காந்தியடிகள் பணித்தார். அதன் பின்னும் மனம் மாறாமையால் 1940 நவம்பரில் தாமே முன்னின்று மணம் செய்வித்தார்.

வாழ்க்கை வரலாறு எழுதுவோர் சிலர் இதனை ஒரு வரியிற் கடந்துவிடுகின்றனர். நாம் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. மகளைப் படிக்கவைத்த துணிவும் அவருடையதே. அப்படிப்பு எங்கே கொண்டு சென்றதோ அங்கே உடன்செல்ல இயலாத தயக்கமும் அவருடையதே. சாலையில் எத்தனையோ வழக்கங்களை மாற்றியவர்க்கு வீட்டில் அது கடினமாயிருந்தது. சௌந்தரம் அம்மையாரும் கணவரும் 1947-இல் திண்டுக்கல்லை அடுத்துச் சின்னாளபட்டிக்கு அருகில் காந்திகிராமத்தைத் தோற்றுவித்தனர். மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் அச்சாலையிலேயே தந்தையின் பஸ்களும் ஓடின.

முதுமையில் அவர் தொழிலைப் புதல்வர் கையில் ஒப்புவித்து ஒதுங்கினார். சொத்தைப் பங்கிட்டுக் கலைக்காமல் பொறுப்பைப் பங்கிட்டமை குறிப்பிடத் தக்கது. புதல்வருள் ஒருவராகிய சந்தானம் 1954-இல் சுந்தரம் பைனான்ஸ் என்னும் ஸ்தாபனத்தைச் சென்னையில் தொடங்கினார். லாரி வாங்கக் கைப்பணம் இல்லாத டிரைவர் தவணைக் கடனால் லாரிக்கு உடையவராகும் வழி அதனாற் பெருகியது. மறு ஆண்டு, 1955 ஏப்ரல் 28-ஆம் நாள் வியாழக்கிழமை விடியுமுன், கோடைக்கானலில் தம் இல்லத்தில் சுந்தரம் ஐயங்கார் காலமானார். வயது எழுபத்தெட்டு.

1972-இல் தமிழ்நாட்டு அரசாங்கம் மதுரையில் டி. வி. எஸ். பஸ்களை எடுத்துக்கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தை அமைத்தது. வண்டிகளோடு பணிமனைகளும் தொழிலாளரும் அரசாங்கத்தைச் சேர்ந்தனர். பஸ்ஸின் பக்கத்தில் எழுதியிருந்த மூன்று எழுத்துக்கள் அழிந்து வேறு பெயர் எழுதப்பட்டது. புறப்படும் நேரத்தை மட்டும் பழையபடியே எதிர்பார்த்து ஊரார் நிறுத்தங்களில் வந்து நின்றனர்.