சிறு புஷ்பத்தை வளர்த்த தாய்

அன்பார்ந்த கிறிஸ்தவக் குடும்பத்தாரே,

குழந்தை சேசுவின் அர்ச். தெரேசம்மாளை அறியாதவர் உங்களில் எவருமில்லை. ரோஜாப் பூக்களை ஏந்திய அவளுடைய படம் நம்மில் பலருடைய வீட்டுச் சுவரில் உண்டு. ஆனால் அந்தச் சிறு புஷ்பம் எந்தத் தோட்டத்தில் முளைத்தது, அதற்குத் தண்ணீர் வார்த்தவள் யார் என்று விசாரிப்பவர்கள் சிலரே. 2015-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் அவளுடைய தாய் தந்தை இருவரையும் ஒன்றாக அர்ச்சியசிஷ்டவர்களின் வரிசையில் சேர்த்தார். வேதசாட்சிகள் அல்லாத தம்பதிகளில் இப்படிச் சேர்ந்தே அந்தப் பட்டம் பெற்றவர்கள் அவர்களே முதல்வர். இவ்வாரம் அந்தத் தாயைப்பற்றி உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஸெலி கெரின் 1831-ம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி, பிரான்சு தேசத்தில் நார்மண்டிப் பகுதியிலுள்ள ஒரு கிராமத்தில் பிறந்தாள். தகப்பனார் பட்டாளத்தில் சேவித்தவர். வீட்டில் பக்தி இருந்தது, ஆனால் கொஞ்சல் இல்லை. தாயார் மிகவும் கண்டிப்புக்காரி. விளையாட ஒரு பொம்மைகூடத் தனக்கு வாங்கித் தரப்படவில்லை என்று ஸெலி பிற்காலத்தில் தன் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் நினைவுகூர்ந்தாள். அன்புக்கு ஏங்கிய இந்தப் பிள்ளைதான் பின்னால் அன்பை அள்ளிக் கொடுத்த தாயானாள்.

வாலிப வயதில் அவளுக்கிருந்த ஆசை ஒன்றே. அர்ச். வின்சென்ட் தே பவுல் சபைக் கன்னியரோடு சேர்ந்து நோயாளிகளுக்கு ஊழியம் செய்ய விரும்பினாள். அலென்சோன் நகரத்திலிருந்த மடத்துத் தாயாரோ, இது தேவ சித்தமல்ல என்று சொல்லி அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஸெலி அழுதாள், ஆனால் முறுமுறுக்கவில்லை. தான் மணம் புரிய வேண்டியதே தேவ சித்தமானால், அநேகம் பிள்ளைகளைத் தரும்படியும், அவர்கள் எல்லோரையும் தமக்கே சொந்தமாக்கிக்கொள்ளும்படியும் சர்வேசுரனை மன்றாடினாள்.

பிழைப்புக்கு ஒரு தொழில் வேண்டுமே! 1851-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி, தேவமாதாவின் அமலோற்பவத் திருநாளன்று, அலென்சோன் லேஸ் பின்னும் வேலையில் இறங்க வேண்டுமென்று அவள் உள்ளத்தில் ஓர் ஏவுதல் உண்டாயிற்று. அந்த லேஸ் ஊசியாலும் மெல்லிய நூலாலும் செய்யப்படுவது. பல பெண்கள் தங்கள் தங்கள் வீட்டிலிருந்து சிறு சிறு துண்டுகளாகச் செய்து கொடுப்பார்கள். அவற்றை இணைத்த இடம் கண்ணுக்குத் தெரியாதபடி ஒன்றாகச் சேர்ப்பதே மிகவும் கடினமான வேலை. அதை ஸெலி தன் கையாலேயே செய்தாள். அவளுடைய தொழில் வளர்ந்தது. பல பெண்களுக்கு அதனால் பிழைப்பும் கிடைத்தது.

அதே ஊரில் லூயி மார்ட்டின் என்ற கடிகாரத் தொழிலாளி இருந்தார். அவரும் ஆல்ப்ஸ் மலையிலுள்ள துறவியர் மடத்தில் சேரப் போய், லத்தீன் மொழி தெரியாததால் திரும்பி வந்தவர். மடத்தின் வாசல் திறக்காத இந்த இருவரையும் சர்வேசுரன் 1858-ம் ஆண்டு ஜூலை 13-ந் தேதி மெய்விவாகத்தில் இணைத்து வைத்தார். ஆரம்பத்தில் பத்து மாத அளவு அவர்கள் சகோதரனும் சகோதரியும்போல் வாழ்ந்தார்கள். பிறகு ஒரு குருவானவர், மக்களைப் பெற்று வளர்ப்பதும் பரிசுத்தமான அழைத்தலே என்று அவர்களுக்கு உணர்த்தினார். அதன்பின் முழு மனதோடு பிள்ளைகளை வரவேற்றார்கள். 1860 முதல் 1873 வரை ஒன்பது பிள்ளைகள் பிறந்தார்கள்.

அந்த வீட்டின் ஒழுங்கைக் கேளுங்கள். விடியற்காலை ஐந்தரை மணிப் பூசைக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து போவார்கள். இரவில் குடும்பம் முழுவதும் மாதா சுரூபத்தின் முன் முழந்தாளிட்டு செபிக்கும். லூயியின் கடையில் கடிகாரத்தோடு நகையும் விற்கப்பட்டது. வெளியூர் ஜனங்கள் நகை வாங்க வருவது ஞாயிற்றுக்கிழமையில்தான். பக்கத்துக் கதவையாவது திறந்து வைக்கலாமே என்று வேண்டியவர்கள் சொல்லியும் அவர் கேட்கவில்லை. ஸெலியோ பகலெல்லாம் வீட்டையும் பிள்ளைகளையும் கவனித்து, இரவு நெடுநேரம் ஊசி வேலையில் உட்கார்ந்திருப்பாள். 1870-ல் லூயி தம்முடைய கடையை விற்றுவிட்டு, மனைவியின் தொழிலுக்கே துணையாக வந்துவிட்டார். மனைவியின் வேலைக்கு உதவுவதைத் தமக்குக் குறைவாக அவர் எண்ணவில்லை. கணவன்மார்களே, இதையும் சற்றுக் கவனியுங்கள்.

ஆனால் அந்த வீட்டைத் துன்பம் விட்டுவைக்கவில்லை. 1867 முதல் 1870 வரை நான்கு வருஷத்துக்குள் நான்கு பிள்ளைகளை அடக்கம் பண்ணினார்கள். இரண்டு ஆண் குழந்தைகள் ஒரு வயது நிறையுமுன் இறந்தன. எலேன் என்ற அருமை மகள் ஐந்து வயதில் போய்விட்டாள். பாலூட்ட அமர்த்திய ஒரு பெண்ணின் அலட்சியத்தால் இன்னொரு பெண் குழந்தை பசியில் வாடி, இரண்டு மாதம் ஆகுமுன் மாண்டது. இவ்வளவு துன்பமானால் இந்தப் பிள்ளைகள் பிறவாதிருந்தால் நலமென்று சிலர் ஆறுதல் கூற வந்தார்கள். ஸெலி அதை ஏற்றுக்கொள்ளவில்லை. தன் பிள்ளைகள் மோட்சத்தில் நித்தியமாய் வாழ்கிறார்கள், அவர்களை மறுபடியும் காண்பேன் என்று விசுவசித்தாள்.

பெற்றோரே, இனிச் சொல்லப்போவதுதான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. மூன்றாவது மகளாகிய லெயோனி சிறு வயதிலிருந்தே நோயாளி. படிப்பும் சரியாக ஏறவில்லை. ஸெலியின் அக்காள் கன்னியாஸ்திரீயாயிருந்த மடத்துப் பள்ளியில் சேர்த்தார்கள், அங்கிருந்தும் திருப்பி அனுப்பப்பட்டாள். வீட்டில் பிடிவாதம் செய்வாள், சொன்னதற்கு எதிராக நடப்பாள். அன்பாகப் பேசியும் பயனில்லை, கண்டித்தும் பயனில்லை. தாய் மனமுடைந்து போனாள்.

1877-ம் ஆண்டுத் தொடக்கத்தில் உண்மை வெளிப்பட்டது. அந்த வீட்டில் பல வருஷமாக ஒரு வேலைக்காரி இருந்தாள். அவள் நோயாய்க் கிடந்தபோது ஸெலியே அவளுக்குப் பணிவிடை செய்ததுண்டு. லெயோனியை அடக்க வல்லவள் தான் ஒருத்தியே என்று எண்ணிய அந்தப் பெண், பிள்ளையை இரகசியமாக மிரட்டி, தண்டித்து, தாயோடு நெருங்கவிடாமல் தன் கைக்குள் வைத்திருந்தாள். பயத்தினால் லெயோனி வாய் திறக்கவில்லை. மூத்த மகள் மரி அதைக் கண்டுபிடித்துத் தாயிடம் சொன்னாள்.

யோசித்துப் பாருங்கள். நாள்தோறும் பூசை கண்ட வீடு, மாலைதோறும் செபம் நடந்த வீடு, இன்று திருச்சபை பீடத்தில் ஏற்றி வணங்கும் தாய் தந்தையின் வீடு. அந்தக் கூரையின் கீழேயே ஒரு பிள்ளை பயந்து நடுங்கியது, தாய்க்குத் தெரியவில்லை! பிடிவாதம் என்று எல்லோரும் நினைத்தது, அடிபட்ட உள்ளத்தின் அழுகையாயிருந்தது.

ஸெலி என்ன செய்தாள்? தனக்கு வேலை அதிகமென்று சாக்குச் சொல்லவில்லை. லெயோனியை வேலைக்காரியின் அதிகாரத்திலிருந்து விடுவித்து, தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். அவளோடு பேசினாள், அவள் பேசக் கேட்டாள், தன்னோடு கூட்டிச் சென்றாள். சில வாரங்களுக்குள் பிள்ளை தாயைவிட்டு அகலாதவளானாள்.

அப்போது ஸெலிக்கு மார்பில் புற்றுநோய் முற்றியிருந்தது. சஸ்திர சிகிச்சைக்குக் காலம் கடந்துவிட்டதென்று 1876 டிசம்பரிலேயே வைத்தியர் சொல்லியிருந்தார். அதுவரை மரணத்துக்குத் தன்னை ஆயத்தம் செய்துவந்தவள், இப்போது லெயோனிக்காக இன்னும் சில காலம் உயிரோடிருக்க ஆசைப்பட்டாள். ஜூன் மாதத்தில் மூன்று மூத்த மக்களோடு லூர்து நகருக்குத் திருயாத்திரை போனாள். சுகம் கிடைக்கவில்லை. திரும்பி வந்து, கூடியமட்டும் பூசைக்கும் வேலைக்கும் தவறாமல் நடந்து, 1877 ஆகஸ்ட் 28-ந் தேதி, 45-ம் வயதில், சர்வேசுரனிடம் தன் ஆத்துமத்தை ஒப்புவித்தாள். கடைக்குட்டி தெரேசாவுக்கு அப்போது வயது நான்கு.

உயிரோடிருந்த ஐந்து பெண்மக்களும் கன்னியாஸ்திரீகளானார்கள். தெரேசம்மாள் 1925-ல் அர்ச்சியசிஷ்ட பட்டம் பெற்றாள். லெயோனியோ மும்முறை மடம் புகுந்து திரும்பி வந்து, 1899-ல் நான்காம் முறையாகப் புகுந்து, கான் நகரத்து மடத்தில் 1941-ல் மரிக்குமட்டும் நிலைத்திருந்தாள். அவளுக்கும் முத்திப்பேறு பட்டம் வழங்குவதற்கான விசாரணை 2015-ல் தொடங்கப்பட்டது. யாருக்கும் உதவாதவள் என்று தோன்றிய பிள்ளை!

அன்பானவர்களே, ஸெலியம்மாள் பிழையே செய்யாத தாய் என்பதற்காக அர்ச்சியசிஷ்டவளாகவில்லை. பிழையைக் கண்டவுடன் அன்பினால் திருத்திக்கொண்ட தாய் அவள். உங்கள் வீட்டில் செபமாலை நடக்கிறதா? நல்லது, அதைக் கைவிடாதீர்கள். ஆனால் இவ்வாரம் செபம் முடிந்த பின் கால்மணி நேரம் உட்காருங்கள். நீங்கள் அதிகமாய்த் திட்டுகிற பிள்ளை எதுவோ, அதைப் பக்கத்தில் கூப்பிடுங்கள். புத்தி சொல்ல வேண்டாம். அது பேசட்டும், நீங்கள் கேளுங்கள். நீங்கள் இல்லாத வேளையில் அதனோடு இருப்பவர்கள் யார், எப்படி நடத்துகிறார்கள் என்று அறிந்துகொள்ளுங்கள். துண்டு துண்டாய்க் கிடந்த லேஸை இணைப்புத் தெரியாமல் சேர்த்தது அந்தத் தாயின் கை. விலகி நிற்கும் பிள்ளையின் மனதை வீட்டோடு சேர்ப்பதும் அதுபோல் பொறுமையான வேலைதான்.

ஜூலை 12-ந் தேதி இந்தத் தம்பதிகளின் திருநாள். அர்ச். லூயியே, அர்ச். ஸெலியம்மாளே, எங்கள் பங்கின் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் பங்குக் குரு