புவாபி

புவாபி, ஏறத்தாழ கி.மு. 2600-க்கும் கி.மு. 2450-க்கும் இடைப்பட்ட காலத்தில் சுமேரிய நகரான ஊரில் வாழ்ந்த அரச குலப் பெண்மணி ஆவார். ஊர் இன்றைய ஈராக்கின் தென்பகுதியில் உள்ளது. (இந்நகரின் பெயர் தமிழ்ச் சொல் போல ஒலிப்பதை மட்டும் கொண்டு உறவு கற்பித்தல் பொருந்தாது.) பிரித்தானியத் தொல்லியலாளர் லெனார்டு வூலி 1927-28 அகழாய்வுப் பருவத்தில் இவரது கல்லறையைக் கண்டறிந்தார். அங்கிருந்த அரச கல்லறைகள் பல பழங்காலத்திலேயே கொள்ளையிடப்பட்டிருந்தன. புவாபியின் அறை தப்பியிருந்தது.

பெயரும் தகுதியும்

இவரைப் பற்றிய எழுத்துச் சான்று, கல்லறையில் கிடைத்த உருளை முத்திரை ஒன்றில் உள்ள பெயரும் பட்டமும் மட்டுமே. பெயர் முதலில் சுமேரிய மொழியில் சுபாத் என வாசிக்கப்பட்டது. பின்னர் அது அக்காதியப் பெயர் எனத் தெளிந்து புவாபி எனத் திருத்தப்பட்டது. பட்டத்துக்கு அரசி, தலைவி என்னும் பொருள்கள் உண்டு. பெண் பூசாரியையும் அது குறிக்கும். முத்திரையில் கணவன் பெயர் இல்லை. எனவே இவர் தம் உரிமையிலேயே ஆட்சி செய்திருக்கலாம் எனச் சிலர் கருதுகின்றனர். ஆயினும் ஒரு முத்திரையின் மௌனத்தைக் கொண்டு அவ்வாறு உறுதிகூற இயலாது.

எலும்புகளை ஆய்ந்தோர், இவர் சுமார் 40 வயதில் இறந்தவர் என்றும் 5 அடிக்கும் குறைந்த உயரமுடையவர் என்றும் மதிப்பிட்டனர்.

தலையணி

தலையைச் சுற்றிப் பொன் நாடாக்கள், அவற்றின்மேல் பொன் வளையங்களும் பொன் இலைகளும் தொங்கும் மாலைகள், பின்புறம் ஏழு பொன் மலர்கள் கொண்ட உயரமான சீப்பு, பெரிய பிறை வடிவக் காதணிகள் என இத்தலையணி அமைந்திருந்தது. இவ்வளவும் நிற்க வேண்டுமெனில் பெரிய பொய்முடி இருந்திருக்க வேண்டும். மேலுடலைப் பொன், வெள்ளி, சூதுபவளம், லாபிஸ் லசூலி ஆகியவற்றாலான மணிச்சரங்கள் மூடியிருந்தன. வண்டல் நிலமான ஊரில் இவை எதுவும் கிடைப்பதில்லை. நீலநிற லாபிஸ் லசூலி ஆப்கானித்தானின் பதக்சானிலிருந்தும், சூதுபவள மணிகளில் ஒரு பகுதி சிந்துவெளியிலிருந்தும் வந்தன.

உடன் இறந்தோர்

இக்கல்லறையுடன் சேர்த்து வூலி கணக்கிட்ட குழியில் எருதுகள் பூட்டிய சறுக்குவண்டி, காவலர், அணிகலன் பூண்ட பெண்கள், யாழ் ஆகியவை இருந்தன. அக்குழி வேறொரு கல்லறைக்குரியது என்போரும் உளர். பணியாளர்கள் விரும்பி நஞ்சருந்தி இறந்தனர் என வூலி எண்ணினார். அவ்விடுகாட்டின் வேறு கல்லறைகளைச் சேர்ந்த இரு மண்டையோடுகளைக் கணினி வழி ஊடுகதிர்ப் படமெடுத்து 2011-இல் வெளியிட்ட ஆய்வு, கூரிய முனையுள்ள கருவியால் தலையில் தாக்கிக் கொல்லப்பட்டதைக் காட்டியது. அமைதியான சாவு என்ற கருத்து இதனால் வலுவிழந்தது. இவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் கிடைக்கவில்லை.

அகழ்ந்தெடுத்தவை பாக்தாத், லண்டன், பிலடெல்பியா அருங்காட்சியகங்களுக்குப் பகிரப்பட்டன. புவாபியின் தலையணி பிலடெல்பியாவிலுள்ள பென் அருங்காட்சியகத்திலும், எலும்புகள் லண்டனிலும் உள்ளன.