திருத்தணி தந்த ஜனாதிபதி

செப்டம்பர் 5-ந் தேதியை ஆசிரியர் தினமாகக் கொண்டாடும் நம் நாடு, சர்வபள்ளி ராதாகிருஷ்ணனைத் தத்துவப் பேராசிரியராகவே நினைக்கப் பழகிவிட்டது. ஆனால் அவரது வாழ்க்கையில் அரசியல் ஊழியர்கள் அவசியம் அறியவேண்டிய அத்தியாயம் ஒன்று உண்டு. அதையே நாம் இன்று நினைவூட்ட விரும்புகிறோம்.

1888-ம் ஆண்டில் அவர் பிறந்தபோது திருத்தணி வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தது. பின்னர் சித்தூர் ஜில்லாவில் சேர்ந்து, 1953-ல் ஆந்திர ராஜ்யத்துக்குப் போய், 1960 ஏப்ரல் 1-ந் தேதி சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பியது. முருகன் குன்றின் நிழலில், எளிய தெலுங்குக் குடும்பத்தில் அவர் வளர்ந்த காலத்தில், ஜில்லா கலெக்டரே வரி வசூலிப்பவர், அவரே மாஜிஸ்டிரேட். குற்றம் சாட்டும் கையும் தண்டிக்கும் கையும் ஒன்றாயிருந்தால் ஏழைக் குடியானவன் எங்கே முறையிடுவான்? இவ்விரண்டையும் பிரிக்க வேண்டுமென்று காங்கிரஸ் மகாசபை 1886-லேயே கோரிற்று. அக்கோரிக்கை 1950-ல்தான் அரசியல் சாசனத்தின் 50-வது ஷரத்தாக இடம்பெற்றது.

வேலூரிலும் சென்னையிலும் கல்வி பயின்ற ராதாகிருஷ்ணன், மைசூர், கல்கத்தா, ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலைகளில் புகழ் பெற்றார். அரசியல் நிர்ணய சபையில் அங்கம் வகித்தார், மாஸ்கோவில் தூதராயிருந்தார். 1952 முதல் பத்தாண்டுகள் உப ஜனாதிபதியாக ராஜ்ய சபைக்குத் தலைமை தாங்கி, 1962 மே மாதத்தில் ஜனாதிபதியானார்.

1964 மார்ச்சில் ஒரு பெரும் சோதனை வந்தது. உத்தரப் பிரதேச சட்டசபை, தன்னை அவமதித்ததாகக் கோரக்பூர் கேசவ் சிங்கை ஏழு நாள் சிறையிலிட்டது. அலகாபாத் ஹைகோர்ட்டின் இரு நீதிபதிகள் அவரை ஜாமீனில் விட்டனர். உடனே சட்டசபை, அந்நீதிபதிகளையே காவலில் கொண்டுவந்து தன் முன் நிறுத்தும்படி தீர்மானித்தது! ஹைகோர்ட்டின் 28 நீதிபதிகள் ஒன்றாக அமர்ந்து அத்தீர்மானத்துக்குத் தடை விதித்தனர். ராஜ்யத்தின் இரு அங்கங்கள் ஒன்றையொன்று விழுங்க நின்ற வேளையில், மந்திரிசபையின் யோசனைப்படி ஜனாதிபதி இவ்விவகாரத்தை மார்ச் 26-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் அபிப்பிராயத்துக்கு அனுப்பினார். நீதிபதிகள் அவமதிப்புக் குற்றம் புரியவில்லை, அவர்களை இழுத்துவரச் சபைக்கு அதிகாரமில்லை என்று செப்டம்பர் 30-ந் தேதி அக்கோர்ட்டு கூறிற்று. ஜனங்கள் தேர்ந்தெடுத்த சபையாயினும் தன் வழக்கில் தானே நீதிபதியாக முயன்றால் அதையும் தடுக்க ஒருவர் வேண்டும் என்பதே இதன் பாடம்.

பெரியோரைப் போற்றுகையில் குறையை மறைப்பது நம் வழக்கமன்று. சீனப் படையெடுப்பின்போது, 1962 அக்டோபர் 26-ல் அவர் கையொப்பமிட்ட நெருக்கடி நிலை, 1967-ல் அவர் பதவி விலகிய பின்னும் நீடித்து 1968 ஜனவரியில்தான் நீங்கியது. ஜீவிய சுதந்தரத்துக்காகக் கோர்ட்டை நாடும் உரிமையை 1962 நவம்பர் உத்தரவு தடுத்தது. எல்லைப் போர் ஒரு மாதத்தில் ஓய்ந்தும் பூட்டு ஐந்தாண்டுக்கு மேல் திறக்கப்படவில்லை. நற்குணமுள்ள ஜனாதிபதி ஒருவர் இருப்பதே போதிய காப்பாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

1975 ஏப்ரல் 17-ந் தேதி அவர் சென்னையில் காலமானார். ஜூன் 25-ந் தேதி இரவில் மீண்டும் நெருக்கடி நிலை பிறந்தது. தலைவர்கள் சிறை புகுந்தனர். 1976-ல் சுப்ரீம் கோர்ட்டே, ஒரு நீதிபதி நீங்கலாக, சிறைப்பட்டோருக்குக் கதவை அடைத்தது. அந்த ஒருவர் எச்.ஆர். கன்னா. உயிருக்கும் சுதந்தரத்துக்கும் உள்ள உரிமையை இனி எந்த நெருக்கடியிலும் நிறுத்தி வைக்கலாகாது என்று 44-வது திருத்தம் 1978-ல் விதித்தது.

அதிகாரங்களைப் பிரிப்பது ஏட்டளவில் நின்றால் பயனில்லை. ஒவ்வோர் அங்கத்திலும் தன் எல்லையைக் காக்கும் நெஞ்சுரம் உடையோர் வேண்டும். அவர்களுக்குத் துணை நிற்கும் பிரஜைகளும் வேண்டும். திருத்தணி தந்த ஜனாதிபதியின் சரிதையிலிருந்து நாம் கொள்ளவேண்டிய படிப்பினை இதுவே.