காது கொடுத்துக் கேட்ட கால்டுவெல்

அயர்லாந்தில் 1814இல் பிறந்த கால்டுவெல் பாதிரியார் 1838இல் சென்னைக்கு வந்தார். தமிழ் கற்று, 1841 முதல் நெல்லைச் சீமை இடையன்குடியில் தொண்டாற்றினார்.

மாணவச் செல்வங்களே! 'பத்து', 'பந்து' சொல்லிப் பாருங்க. தகரம் ஒன்றுதான், ஒலி வேறு. சொல் முதலிலும் இரட்டிக்கும்போதும் வன்மை. மெல்லெழுத்தை அடுத்தும் உயிர்களுக்கிடையிலும் மென்மை. நாம யோசிக்காமலே செய்யும் இந்த ஒழுங்கை, 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் அவர் விளக்கினார்.

மலாயிலோ அது செல்லாது. 'துவா'வை அழுத்திச் சொன்னால் முதுமை. மெலித்துச் சொன்னால் இரண்டு! மலாக்காப் பிள்ளைகளுக்கு இது தெரிந்ததுதானே?

1891இல் மறைந்த அவர் இடையன்குடியிலேயே அடக்கமானார். அயலார் அவ்வளவு கவனமாய்க் கேட்ட தாய்மொழியை நாமும் திருத்தமாய்ப் பேசுவோமே!