நண்பனைக் கிண்டலடிச்ச பேர்தான் ஸ்நூக்கர்... ஊட்டியில் விதி எழுதிய சேம்பர்லின்!

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. திருப்பூர்ல இருந்து அவிநாசி, மேட்டுப்பாளையம் வழியா ஃப்ரெண்ட்ஸோட ஊட்டிக்கு பைக்கை விரட்டுற ஆளா நீங்க? அப்போ இவரைத் தெரிஞ்சுக்கோங்க. நீங்க காசு கொடுத்து மணிக்கணக்கா ஆடுற ஸ்நூக்கருக்கு, முதன்முதலா ஒழுங்கான விதிமுறைகள் எழுதப்பட்டது அந்த ஊட்டியிலதான். எழுதியவர் நெவில் சேம்பர்லின். (பிரிட்டன் பிரதமரா இருந்தவர் இல்லை. கூகுள்ல அவர்தான் முதல்ல வருவார், ஏமாந்துடாதீங்க!)

1856-ல் இங்கிலாந்தில் பிறந்த இவர், ராணுவத்தில் சேர்ந்து இந்தியா வந்தார். 1875-ல் ஜபல்பூர் முகாம். வெளியே மழை, உள்ளே அதிகாரிகள் மெஸ்ஸில் ஒரு பில்லியர்ட்ஸ் மேஜை. 19 வயசுப் பையனுக்கு வழக்கமான ஆட்டம் போரடிச்சது. இருக்கிற பந்துகளோட கலர் பந்துகளையும் சேர்த்து ஆடிப் பார்த்தார்.

அப்படி ஒரு நாள், சுலபமா குழியில் விழ வேண்டிய பந்தை ஒருத்தர் கோட்டை விட்டார். உடனே அவரை ஸ்நூக்கர்னு கலாய்ச்சார் சேம்பர்லின். ராணுவ அகாடமியில் முதல் வருஷப் பசங்களுக்கு வெச்ச பட்டப்பேர் அது. பேச்சு சண்டையாகிடக் கூடாதுன்னு, இந்த ஆட்டத்துல நாம எல்லாருமே ஸ்நூக்கர்தான்னு சொல்லிச் சமாளிச்சார். அந்தப் பேரே ஆட்டத்துக்கு ஒட்டிக்கிச்சு.

அப்புறம் ஆப்கன் போர், அதில் காயம். பிறகு மெட்ராஸ் ராணுவத் தளபதி ராபர்ட்ஸின் உதவியாளராக, கோடைக்கு ஊட்டி வந்தார். 1882-ல் விதிகளை எழுதி, ஊட்டி க்ளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டினாங்க.

இன்னிக்கு ஆடுற விதி ரொம்ப சிம்பிள். 15 சிவப்புப் பந்து, தலா 1 பாயின்ட். மஞ்சள் 2, பச்சை 3, பிரவுன் 4, நீலம் 5, பிங்க் 6, கறுப்பு 7. வெள்ளைப் பந்தை மட்டும்தான் கியூவால அடிக்கணும். ஒரு சிவப்பு, அப்புறம் ஒரு கலர்... இப்படி மாத்தி மாத்திக் குழியில் தள்ளணும். சிவப்பு தீர்ற வரைக்கும் விழுந்த கலர் மறுபடி மேஜைக்கு வந்துடும். அப்புறம் மஞ்சள்ல ஆரம்பிச்சு கறுப்பு வரை வரிசையா. தப்பு பண்ணினா எதிராளிக்குக் குறைஞ்சது 4 பாயின்ட். அடிக்க வேண்டிய பந்து நேரா தெரியாதபடி மறைச்சு நிறுத்திட்டா, எதிராளி ‘ஸ்நூக்கர்’ ஆகிட்டார்!

பனியன் துணி தெரிஞ்ச உங்களுக்கு இன்னொண்ணு. மேஜையில் விரிக்கிறது நிட்டிங் இல்லை, நெய்த கம்பளித் துணி. அதன் பிசிறு ஒரே பக்கமா படிஞ்சிருக்கும். எதிர்ப்பக்கமா மெதுவா அடிச்சா பந்து லேசா விலகும்.

சேம்பர்லின் பிற்பாடு அயர்லாந்து போலீஸின் தலைமைப் பொறுப்பில் 1900 முதல் 1916 வரை இருந்தார். ஈஸ்டர் எழுச்சிக்குப் பிறகு பதவி விலகினார். அதுக்குள்ள ஸ்நூக்கர் உலகமெல்லாம் பரவிடுச்சு, ஆனா கண்டுபிடிச்சவர் யாருன்னு ஆளுக்கொரு கதை. கடைசியில் 1938-ல், 82 வயசுல, அவரே ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதி உரிமை கோர வேண்டியதாச்சு. பழைய ராணுவ நண்பர்கள் சிலர் ஆமாம்னு சாட்சி சொன்னாங்க. 1944-ல் இறந்தார்.

அந்த க்ளப் இன்னமும் இருக்கு. ஆனா உறுப்பினர்களுக்கும் அவங்க விருந்தினர்களுக்கும்தான் அனுமதி. அதனால பில்லியர்ட்ஸ் ரூமைப் பார்த்துடலாம்னு பிளான் போட்டுட்டுக் கிளம்பிடாதீங்க!