காசுகளைக் கற்ற பெரியார் சர் வால்ட்டர் எலியட்

உலகில் காசு சேர்ப்போர் பலர். காசினால் வாங்கத்தக்க பொருளை எண்ணியே அவர்கள் அதனைச் சேர்க்கின்றனர். ஆயின், எதனையும் வாங்க உதவாத காசை, வழக்கொழிந்து களிம்பேறி எழுத்து மழுங்கிப்போன செப்புத் துண்டை, தேடித் திரிந்து சேர்ப்போரும் சிலர் உளர். உலகம் அவர்களைப் பித்தர் என்று எண்ணும். ஏடுகள் செல்லரித்துப் போன பின்னும், கோட்டைகள் இடிந்து மண்மேடான பின்னும், ஒரு நாட்டின் பழங்கதையைச் சொல்ல எஞ்சி நிற்பவை அச்செப்புத் துண்டுகளே என்பதை அவர்கள் அறிவர். அத்தகையோருள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் சர் வால்ட்டர் எலியட்.

பெரும்புலவர்கள் எழுத வேண்டிய பொருளைப் பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்த இரயில்வே எழுத்தன் ஒருவன் எழுத முற்படுவது துணிவேயாகும். அதுவும் தண்டவாளமே இல்லாத இத்தீவில் இரயில்வே ஊழியம் பார்ப்பவன்! எனினும் இப்பெரியாரைப் பற்றி எழுத எனக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. அதனைக் கட்டுரையின் இறுதியில் கூறுவேன். அன்பர்கள் பொறுத்தருள்க.

இளமையும் தமிழ்க் கல்வியும்

எலியட் 1803ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 16ஆம் நாள் ஸ்காத்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் பிறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலர்களைப் பயிற்றுவித்த ஹெய்லிபரிக் கல்லூரியில் கற்று, 1821இல் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் தமிழும் இந்துஸ்தானியும் பயின்றார். அம்மொழிகளில் அவர் எய்திய தேர்ச்சிக்காக ஆயிரம் வராகன் பரிசாக வழங்கப்பட்டது. பிற்காலத்தில் தென்னாட்டு வராகன்களைப் பற்றி நூல் எழுதப்போகும் ஒருவர், இளமையில் தமிழுக்காக வராகனையே பரிசாகப் பெற்றது பொருத்தமன்றோ! 1823இல் சேலத்தில் துணை ஆட்சியராகப் பணியில் அமர்ந்தார்.

கித்தூரில் சிறை

அடுத்த ஆண்டே அவர் வாழ்வில் பெரும் இடர் நேர்ந்தது. கன்னட நாட்டில் தார்வார்ப் பகுதிக்கு அவர் மாற்றப்பட்டிருந்தார். ஆங்கு ஆட்சியராயிருந்த தாக்கரேயின் கீழ்ப் பணியாற்றினார். கித்தூர்ச் சமஸ்தானத்தின் வாரிசுரிமையை ஏற்க மறுத்துக் கம்பெனியார் அதனைக் கைக்கொள்ள முற்பட்டபோது, அரசி சென்னம்மா வாளேந்தினார். 1824 அக்டோபர் 23இல் நிகழ்ந்த போரில் தாக்கரே உயிரிழந்தார். எலியட்டும் அவருடைய தோழர் ஸ்டீவன்சனும் சிறைப்பட்டனர். சில வாரங்கள் அரசியின் காவலில் இருந்து, பின்னர் ஊறின்றி விடுவிக்கப்பட்டனர்.

பகைவர் கையில் அகப்பட்டும் உயிர் பிழைத்த அவ்விளைஞர், அந்நாட்டின் மீது வன்மம் கொள்ளவில்லை. அப்பகுதியின் கோயில்தோறும் சென்று கல்வெட்டுகளைப் படியெடுக்கச் செய்தார். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கன்னட நாட்டுச் சாசனங்களின் படிகள் அவர் முயற்சியால் தொகுக்கப்பெற்றன. சாளுக்கிய வேந்தர்களின் வரலாற்றை முறைப்படுத்த முயன்ற முன்னோடிகளுள் அவரும் ஒருவர். சாசனத்தில் கண்ட மன்னர் பெயரைக் காசிலும், காசிற் கண்ட இலச்சினையைச் சாசனத்திலும் ஒப்புநோக்கும் பழக்கம் அவருக்கு அக்காலத்தேயே வேரூன்றியது.

எகிப்து வழிப் பயணம்

1833ஆம் ஆண்டு டிசம்பரில் விடுமுறை பெற்று எலியட் தாயகம் நோக்கிப் புறப்பட்டார். பம்பாயில் கப்பலேறிச் செங்கடலில் சென்று, எகிப்து நாட்டின் குசையர்த் துறைமுகத்தில் இறங்கினார். அங்கிருந்து பாலைவனத்தைக் கடந்து தீப்ஸ் நகரை அடைந்து, நைல் நதி வழியாகக் கெய்ரோவுக்குச் சென்றார். பின்பு எருசலேம், கான்ஸ்டாண்டிநோப்பிள், ஏதன்ஸ், உரோம் ஆகிய நகரங்களைக் கண்டு, 1835இல் இங்கிலாந்தை அடைந்தார்.

இப்பயணத்தை நான் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன், முசிறியிலிருந்து மிளகும் பிற சரக்கும் ஏற்றிச் சென்ற கலங்கள் அடைந்ததும் இதே செங்கடற்கரையைத்தான். அங்கே இறக்கிய சரக்கை ஒட்டகங்கள் பாலைவனம் கடந்து நைல் கரைக்குச் சுமந்து சென்றன. பின் ஆற்றுப் படகுகள் அலெக்சாந்திரியாவில் சேர்த்தன. ஆங்கு நூற்றுக்கு இருபத்தைந்து வீதம் சுங்கம் தண்டினர். முசிறியின் பெயர் பொறித்த பழைய எகிப்தியத் தாள் ஒன்று, ‘ஹெர்மபொல்லோன்’ என்னும் கப்பலின் சரக்குக் கணக்கோடு இன்று வியன்னா நகரில் காக்கப்படுகிறது.

அந்நாளைய எகிப்தின் நாணய முறை விந்தையானது. உரோமப் பேரரசின் பிற நாடுகளில் செல்லுபடியான வெள்ளிக் காசு எகிப்தினுள் செல்லாது. அந்நாட்டிற்கென்றே அலெக்சாந்திரியாவில், வெள்ளியிற் செம்பு கலந்து, நான்கு திராக்மா மதிப்புள்ள காசுகளை அடித்தனர். ஒரு பக்கம் பேரரசனின் தலை. மறுபக்கம் நைல் நதித் தெய்வமோ, செராப்பிசோ, கலங்கரை விளக்கமோ இருக்கும். எழுத்து கிரேக்க எழுத்து. அரசன் பட்டமேறிய எத்தனையாம் ஆண்டில் அடித்தது என்பதையும் அக்காசே கூறும். ஆதலால் காலத்தை அறுதியிட விரும்புவோர்க்கு அவை பெருந்துணையாவன. கி.பி. 296 அளவில் தியோக்கிளீசியன் என்னும் பேரரசன் அத்தனி முறையை ஒழித்தான்.

எகிப்தில் மட்டும் செல்லும் அக்காசை வணிகர் தமிழகத்திற்குக் கொண்டுவந்து பயன் என்ன? உரோமப் பொன்னையும் வெள்ளியையுமே அவர்கள் கொணர்ந்தனர். கோயம்புத்தூர், கரூர்ப் பகுதிகளில் அகஸ்தசு, திபேரியசு ஆகியோரின் காசுகள் பானை பானையாகக் கிடைப்பதன் காரணம் இதுவே. புதுக்கோட்டையைச் சார்ந்த கருக்காக்குறிச்சியில் 1898இல் கிடைத்த பொற்காசுகள் மட்டும் 501. பிற்கால உரோமர்தம் சிறு செப்புக் காசுகளும் கரூரிலும் மதுரையிலும் மிகுதியாகக் கிடைக்கின்றன. அவற்றை அடித்த கீழை நாட்டு நாணயச் சாலைகளுள் அலெக்சாந்திரியாவும் ஒன்று.

எலியட் அறிந்திராத செய்தி ஒன்றும் உண்டு. அவர் கரையிறங்கிய குசையருக்குச் சில கல் தொலைவில் மணலுக்கடியில் ஒரு பழந்துறைமுகம் புதைந்து கிடந்தது. 1978க்கும் 1982க்கும் இடையே அமெரிக்க அறிஞர்கள் ஆங்கு அகழ்ந்தபோது, கணன், சாதன் என்னும் பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பெற்ற ஓடுகள் வெளிப்பட்டன. பானை உறி என்று பொருள்படும் சொற்கள் கீறிய மற்றோர் ஓடும் பின்னர் அறியப்பட்டது. கடல் கடந்து சென்ற தமிழன் தன் உறியின் பெயரையும் உடன் கொண்டு சென்றிருக்கிறான். தமிழில் பரிசு பெற்ற எலியட், தமிழ் எழுத்து புதைந்து கிடந்த மணலுக்கு அருகிலேயே ஒட்டகச் சாலையில் சென்றிருக்கிறார். அவர் அதனை அறியார்!

கூனிமேட்டு மணலும் கப்பற் காசும்

1836இல் சென்னை ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவின் அந்தரங்கச் செயலராக எலியட் மீண்டும் இந்தியாவுக்குப் புறப்பட்டார். 1845 முதல் குண்டூரிலும் வடசர்க்கார்ப் பகுதியிலும் உயர்பதவி வகித்தார். 1854 முதல் 1860 வரை சென்னை ஆளுநர் அவையின் உறுப்பினராயிருந்தார். அலுவல் மலைபோல் குவிந்த அக்காலத்திலும் காசுகளை அவர் மறந்தாரில்லை. 1858 அளவில் சென்னை இலக்கிய அறிவியல் இதழில் அவருடைய நாணயக் கட்டுரைகள் வெளிவந்தன. மரமும் செடியும், பறவையும் விலங்கும்கூட அவருடைய ஆராய்ச்சிக்குத் தப்பவில்லை. மூங்கிலணத்தான் என்று நம்மவர் வழங்கும் சிறு பிராணியின் அறிவியற் பெயரில் இன்றும் எலியட்டின் பெயரும், அத்தமிழ்ச் சொல்லும் ஒருங்கே நிற்கின்றன.

நெல்லூர் முதல் கடலூர் வரையுள்ள கடற்கரையில், பெருங்காற்றும் மழையும் ஓய்ந்தபின், ஏழை மக்கள் மணலைக் கிளறிப் பார்ப்பது வழக்கம். புதுச்சேரிக்கு வடக்கேயுள்ள கூனிமேடு முதலிய ஊர்களில் பெண்கள் இவ்வாறு மணிகளையும் உலோகத் துணுக்குகளையும் காசுகளையும் பொறுக்கினர். அவற்றுள் உரோமரின் சிறு செப்புக் காசுகள் இருந்தன. நடுவே துளையிட்ட சீனக் காசுகள் இருந்தன. இரு பாய்மரம் கொண்ட கப்பல் பொறித்த ஈயக் காசுகளும் இருந்தன. எலியட் இவற்றைத் தொகுத்ததோடு அமையவில்லை. எந்தக் கரையில், எவ்வாறு, யாரால் எடுக்கப்பட்டன என்பதையும் குறித்து வைத்தார்.

அக்கப்பற் காசுகளைத் தொண்டை நாட்டுக் குறும்பருடையவை என்று அவர் கருதினார். அக்கருத்து நிலைக்கவில்லை. அவை சாதவாகன மன்னர் வெளியிட்டவை என்று பின்வந்த அறிஞர் எழுத்துகளைப் படித்து நிறுவினர். ஆயினும் அவர்கள் அவ்வாறு திருத்துவதற்கே எலியட்டின் குறிப்புகள்தாம் வழி செய்தன. பெயர் தவறலாம், கிடைத்த இடம் தவறாமல் எழுதப்பட்டிருந்ததால், உண்மை ஒருநாள் வெளிப்பட்டது.

அமராவதிக் கற்கள்

குறையையும் மறைக்காது கூறுவதே வாழ்க்கை வரலாற்றுக்கு அழகு. 1845இல் கிருஷ்ணை நதிக்கரையிலுள்ள அமராவதிப் புத்தத் தூபியின் சிற்பங்களை எலியட் அகழ்ந்தெடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். அவை பல்லாண்டு வெயிலிலும் மழையிலும் கிடந்தன. பின்னர் 1859இல் 121 கற்கள் கப்பலேற்றி இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. இன்றும் அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளன. அவருடைய காசுகளும் அங்கே சென்று சேர்ந்தன. கற்களை அவர் எடுத்திராவிடில் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போயிருக்கும் என்று கூறுவோர் உளர். அதில் உண்மை உண்டு. ஆயினும் நம் பாட்டனாரின் உடைமையைக் காண நாம் ஏழு கடல் கடந்து செல்லவேண்டியிருப்பது நெஞ்சை உறுத்தவே செய்கிறது. ஆண்டவனாக வந்தவன் அன்போடு எடுத்தாலும் எடுத்தது எடுத்ததே.

ஒளியிழந்த கண்ணும் ஓயாத உள்ளமும்

1860இல் பணி ஓய்வு பெற்று, ஸ்காத்லாந்திலுள்ள உல்ஃபிலி என்னும் தம் இல்லத்தில் எலியட் தங்கினார். 1866இல் சர் பட்டமும், 1878இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் பதவியும் அவரை வந்தடைந்தன. முதுமையில் கண்பார்வை மங்கி, ஏறத்தாழ முற்றிலும் ஒளியிழந்தது. காசின் முகத்தைக் கண்டு காலத்தைச் சொல்லியவருக்கு இதனினும் கொடிய இழப்பு யாது? பிறர் உதவியோடு, தாம் சொல்லச் சொல்ல அவர்கள் எழுத, தென்னிந்திய நாணயங்களைப் பற்றிய தம் பெருநூலை அவர் முடித்தார். அது 1885இல் அச்சேறியது. அப்போது அவருக்கு வயது எண்பத்திரண்டு. நம் சாத்தம் தீவில் மர அறுவை ஆலை தொடங்கிய 1883க்கு இரண்டாண்டு பிற்பட்டது அந்நூல்.

1887 மார்ச்சு முதல் நாள் காலையில், தமிழறிஞர் ஜி. யு. போப் அவர்களுக்கு எலியட் ஒரு கடிதம் சொல்லி எழுதுவித்துத் தம் கையாலேயே கையொப்பமிட்டார். தமிழின் தொன்மையான வழக்கொன்றைப் பற்றி ஆராயவேண்டும் என்பதே அதன் பொருள். அன்று மாலை அவர் ஆவி பிரிந்தது. பதினெட்டு வயதில் தமிழோடு தொடங்கிய வாழ்வு எண்பத்து நான்கில் தமிழோடே நிறைவுற்றது.

நாம் செய்யத்தக்கது

தொடக்கத்தில் கூறிய காரணத்தை இனிச் சொல்லிவிடுகிறேன். என் பாட்டனார் கரூருக்கு அருகே அமராவதி ஆற்றங்கரைச் சிற்றூரினர். 1950களில் சென்னையில் கப்பலேறி இங்கு வந்து, சாத்தம் ஆலையில் மரம் அறுத்தவர். அவருடைய தகரப் பெட்டியின் அடியில், சிறுவயதில் ஆற்று மணலில் பொறுக்கிய பச்சை படிந்த செப்புக் காசுகள் ஒரு மூக்குப்பொடி டப்பாவில் இருந்தன. அவருடைய கப்பற் சீட்டும் அதே பெட்டியில் இருந்தது. என் தந்தையார் மறைந்தபின் வீட்டை ஒழுங்கு செய்தபோது, பழைய பித்தளைச் சாமான்களோடு அந்த டப்பாவையும் எடைக்குப் போட்டுவிட்டேன். கப்பற் சீட்டு குப்பையோடு எரிந்தது. பல ஆண்டு கழித்துக் கரூர்க் காசுகளைப் பற்றிப் படித்தபோதுதான் என் கை செய்த வேலை எனக்குப் புரிந்தது. அவை உரோமக் காசுகளோ, நாயக்கர் காலத்துக் காசுகளோ, நான் இனி அறியப்போவதில்லை. பாட்டனார் கையால் எடுத்தவை என்பது ஒன்றே அவற்றைக் காக்கப் போதிய காரணமாயிருந்தது.

ஆதலின் நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். சங்க அறையில் பூட்டிய அலமாரி ஒன்று வைப்போம். ஒவ்வொரு குடும்பமும் தன் முன்னோர் வந்த கப்பற் சீட்டையோ, ஊரிலிருந்து வந்த முதற் கடிதத்தையோ, ஆலையில் பெற்ற வில்லையையோ, பழங்காசையோ அதில் வைக்கட்டும். கொடுக்க மனமில்லாதோர் படமெடுத்தேனும் தரட்டும். ஒவ்வொன்றின் கீழும் யாருடையது, எவ்விடத்தது, எப்போது கிடைத்தது என்ற மூன்றையும் எழுதி வைப்போம். ஊருக்குச் செல்லும்போது மண்ணில் புதையல் கிடைக்கக் கண்டால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியர்க்கு அறிவிப்போம்; தட்டாரிடம் கொண்டு செல்லாதிருப்போம்.

நம் பிள்ளைகள் ஹாடோவிலிருந்து பாலம் கடந்து சாத்தத்திற்கு வரும்போது, தம் பாட்டனார் எவ்வழி வந்தார் என்று கேட்பர். விடை சொல்ல நாம் இல்லாத காலத்தும் அந்த அலமாரி இருக்கும். கண்ணிழந்த முதியவர் ஒருவர் நம் மண்ணின் காசுகளுக்காக அத்துணை பாடுபட்டிருக்க, கண்ணுள்ள நாம் நம் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்கவேனும் வேண்டாமா?

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!