செடிகளின் மரபறிந்த ஜானகி அம்மாள்

விளைந்த வயலில் நல்ல கதிரைத் தேர்ந்து விதைக்கென ஒதுக்கிய நாள்முதலே மனிதர் பயிர்களின் மரபை மாற்றத் தொடங்கிவிட்டனர். ஆயினும், அம்மாற்றம் செடியின் உள்ளே எவ்வாறு நிகழ்கிறது என்பது நெடுங்காலம் விளங்காமலே இருந்தது. செல்லின் உட்கருவில் உள்ள குரோமோசோம்களே மரபணுக்களைத் தாங்கி நிற்கின்றன என்பதை இருபதாம் நூற்றாண்டு அறிவியல் உறுதிசெய்தது. அவ்வறிவைப் பயிர்களின் மேம்பாட்டிற்குப் பயன்படுத்திய இந்திய முன்னோடிகளுள் ஒருவர் ஜானகி அம்மாள்.

இவர் 1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தலைச்சேரியில் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணன் நீதித்துறையில் பணியாற்றியவர். பெண்கள் உயர்கல்வி பெறுவது அரிதாக இருந்த அக்காலத்தில், ஜானகி சென்னை இராணி மேரி கல்லூரியில் பயின்றார். பின்னர் மாநிலக் கல்லூரியில் தாவரவியலில் சிறப்புப் பட்டம் பெற்றார். சென்னைப் பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றிய அவர், பார்பர் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அங்கு 1931இல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். திருமணத்தைத் தவிர்த்து ஆய்வையே தம் வாழ்வாக ஏற்றார்.

1934இல் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியில் சேர்ந்தார். இந்தியா அதற்கு முன்பு ஜாவாவிலிருந்து பெருமளவில் சர்க்கரையை இறக்குமதி செய்துவந்தது. வெப்ப நாடுகளின் தடித்த கரும்பு இனிமை மிக்கது. எனினும், வட இந்தியாவின் குளிரையும் வறட்சியையும் தாங்காதது. நாணலோ இனிமையற்றது, ஆனால் எந்நிலத்திலும் தழைக்கும் உரம் உடையது. இவ்விரண்டையும் இணைத்துப் புதிய கரும்பு வகைகளை உருவாக்கும் பணியை வெங்கட்ராமன் முதலிய அறிஞர்கள் அங்கு முன்னெடுத்திருந்தனர். ஜானகி அம்மாள் அவ்வகைகளின் செல்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். எந்தப் பெற்றோரிடமிருந்து எத்தனை குரோமோசோம்கள் வந்தன என்பதைக் கணக்கிட்டார். கரும்பை மக்காச்சோளம் போன்ற பிற புல்லினங்களுடன் கலந்தும் ஆய்வு செய்தார்.

1940இல் இலண்டனில் இருந்த ஜான் இன்னஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். உலகப் போரின் குண்டுவீச்சுக்கு இடையிலும் ஆய்வு தொடர்ந்தது. டார்லிங்டன் என்னும் அறிஞருடன் இணைந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து 1945இல் நூலாக வெளியிட்டார்.

பின்னர் விஸ்லியில் உள்ள அரச தோட்டக்கலைக் கழகத்தில் கால்ச்சிசின் என்னும் வேதிப்பொருளைக் கொண்டு ஆய்வு செய்தார். நம் மாநில மலரான செங்காந்தளிலும் இப்பொருள் உண்டு. செல் பிரியும்போது, இரட்டித்த குரோமோசோம்கள் இரு புறமாக விலகிச் செல்வதை இது தடுக்கிறது. அதனால் ஒரே செல்லில் அவை இருமடங்காகத் தங்கிவிடுகின்றன. அத்தகைய செடிகளில் இலை தடிப்பதும் மலர் பெரிதாவதும் உண்டு. இணை சேரும் குரோமோசோம்கள் இல்லாமையால் மலடாகிப்போன கலப்பினங்கள், இம்முறையால் வளமான விதை தருவதும் உண்டு. அவர் இவ்வாறு உருவாக்கிய மக்னோலியா மரவகை ஒன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இன்றைய மரபணுப் பொறியியல் இன்னும் நுட்பமானது. முழுக் குரோமோசோம் தொகுதிகளைக் கலக்காமல், வேண்டிய ஒரு மரபணுவை மட்டும் பிரித்தெடுத்து மற்றோர் உயிரியில் சேர்க்கிறது. மண்வாழ் பாக்டீரியாவின் மரபணுவைப் பெற்ற பருத்தி, காய்ப்புழுவை எதிர்ப்பது இவ்வகையிலேதான். ஆயினும், அதற்கு வேண்டிய மரபணுக்கள் பெரும்பாலும் இயற்கையிலிருந்தே பெறப்படுகின்றன. இயற்கையில் உள்ள உயிரினங்களே அவற்றின் பெருங்கருவூலம்.

இவ்வுண்மையை ஜானகி அம்மாள் நன்கு உணர்ந்திருந்தார். பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் தாயகம் திரும்பிய அவர், இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். காடுகள் அழிவதையும், அவற்றோடு பழங்குடியினரின் தாவர அறிவு மறைவதையும் கண்டு வருந்தினார். உலகின் முகத்தை மாற்றுவதில் மனிதரின் பங்கு குறித்து 1955இல் பிரின்ஸ்டனில் நடந்த கருத்தரங்கில் கலந்துகொண்ட ஒரே பெண் அவரே.

கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே நீர்மின் அணை கட்டத் திட்டமிட்டபோது, மின்சாரமும் வேலைவாய்ப்பும் வேண்டும் என்ற குரல் வலுவாக எழுந்தது. காடு மூழ்கினால் அதன் தாவரங்களை எந்த ஆய்வகமும் மீட்டுத்தர இயலாது என்பதை அறிந்த ஜானகி அம்மாள், எண்பது வயதை எட்டிய நிலையிலும் எதிர்ப்பாளர்களோடு நின்றார். இறுதியில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

1977இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், வாழ்வின் இறுதி ஆண்டுகளில் சென்னையை அடுத்த மதுரவாயலில் இருந்த சென்னைப் பல்கலைக்கழகக் கள ஆய்வகத்தில் பணியாற்றினார். 1984 பிப்ரவரியில் மறைந்தார். அதே ஆண்டில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆற்றங்கரை நாணலைக் களையென ஒதுக்கியிருந்தால், கரும்பு அவ்வலிமையைப் பெற்றிராது. செடிகளை மாற்றக் கற்றவர், மாற்றப்படாத காட்டைக் காக்க நின்றது அந்த அறிவினால்தான்.